ஒன்றுக்குக் கீழே

குயில்தோப்பு நகரின் இரண்டாம் கட்ட வரைபடம் ஆடி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை செந்தூரனின் மேசைக்கு வந்தது. நூற்று நாற்பது மனை, ஆறு தெரு, ஒரு பூங்கா. வரைபடத்தின் கீழ்மூலையில், வடக்கு காட்டும் அம்புக்குறிக்குப் பக்கத்தில், கட்டம் கட்டி இழப்பு எண் அச்சாகியிருந்தது. 0.99.

அவன் நின்றுகொண்டே பார்த்தான். பதினான்கு மாதமாக அவனால் ஓரிடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடிவதில்லை. நின்று படிப்பான், நடந்துகொண்டே குறிப்பு எழுதுவான், ஜன்னல்வரை போய்த் திரும்புவான். அலுவலகத்தில் முதலில் விசாரித்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். பக்கத்து மேசை அப்சல் மட்டும் விடுவதில்லை.

"பஸ்ஸுக்கு நிக்கறவன் மாதிரியே நிக்கறியே மாப்ள. எந்த ஊரு பஸ்ஸு?"

ஆடிக் காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. கொக்கி போட எழுந்து போகலாம் என்றால் அவன் ஏற்கெனவே எழுந்துதான் இருந்தான். போய்ப் போட்டுவிட்டு வந்தான். கதவு மறுபடி அடித்துக்கொண்டது.

மனைப்பிரிவுகளுக்கு ஓட்டம் என்கிற முறை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் தெரு எத்தனை மீட்டர், வடிகாலுக்கு எத்தனை சாய்வு, பூங்கா எத்தனை விழுக்காடு என்று நாற்பது விதி பார்த்தார்கள். நாற்பதும் சரியாக இருந்த ஒரு நகரில் ஒரே மழைக்கு இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதன் பிறகுதான் ஓட்டம். வரைபடத்தைக் கொடுத்தால் இயந்திரம் அதில் வீடு கட்டும், ஆட்களைக் குடிவைக்கும், மழை பெய்யவைக்கும், லாரி விடும், பிள்ளைகளைச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்பும். நாற்பது வருடத்துக்கு. அதே நாற்பது வருடத்தை ஆயிரம் தடவை. எல்லாம் சேர்ந்து ஒரு டீ குடிக்கிற நேரம்தான். கடைசியில் ஒரு எண் வரும். இந்த அமைப்பின் கோளாறால் மட்டும் நாற்பது வருடத்தில் சராசரியாக எத்தனை உயிர் போகும் என்கிற எண். ஒன்றுக்குக் கீழே இருந்தால் அனுமதி உண்டு. பழைய நாற்பது விதியும் கழிந்தது.

முதல் சில வருடம் 0.3, 0.4 என்று எண்கள் வந்தன. எல்லோரும் மகிழ்ந்தார்கள். இப்போது வருவதெல்லாம் 0.96, 0.98. இந்த மாதத்தில் இது மூன்றாவது 0.99.

"வணக்கமுங்க சார்."

தாரணி வந்திருந்தார். குயில்தோப்பு நகரைப் போடுகிற நிறுவனத்தின் பொறியாளர். நாற்பது வயதிருக்கும். முதல் கட்டத்தையும் அவர்தான் வரைந்தார். அதற்கு ஒப்புதல் கொடுத்தது செந்தூரன். அவன் மனைவி மிதுனாவின் காரியத்துக்கு வந்து, வாசலில் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் போனவர்களில் அவரும் ஒருவர்.

"உக்காருங்க."

"இருக்கட்டுங்க. நீங்க நிக்கறீங்க, நான் உக்காந்தா நல்லாருக்காதுங்க."

அவன் வரைபடத்தின் மேற்கு ஓரத்தில் விரலை வைத்தான். "இந்த ஒண்ணாந் தெரு எங்க போய்ச் சேருது?"

தெரிந்துதான் கேட்டான். அவர் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது.

"முதல் கட்டத்து நாலாவது தெருவுலங்க." தாரணி நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்கூட்டு முக்குலங்க சார்."

இரண்டு தெருக்கள் சந்திக்கிற இடத்தில் மூலைமனையின் முனையைச் சாய்வாக வெட்டித் தெருவோடு சேர்ப்பது வழக்கம். ஸ்பிளே என்பார்கள். அப்போதுதான் திரும்புகிற வண்டிக்கு எதிரே வருவது கண்ணில் படும். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் முக்கோணம், ஒரு குளியலறை அளவு இடம். ஆனால் அந்த முனை மனையின் வடகிழக்கில் விழுந்தால் சிக்கல். ஈசானிய மூலை வெட்டுப்பட்ட மனையை இந்தப் பக்கம் ஒருவரும் வாங்கமாட்டார்கள். படித்தவர், படிக்காதவர், கடவுளே இல்லை என்பவர்கூட வேறு மனையைக் காட்டச் சொல்வார். பொறியாளர்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. வரைபடத்தில் மற்ற மூன்று மூலைகளும் சாய்வாக இருக்கும், ஈசானியம் மட்டும் கூர்மையாக நிற்கும்.

முதல் கட்டத்தின் நாற்பத்தேழாம் மனையிலும் அது கூர்மையாகத்தான் நின்றது. செந்தூரன் அதைக் கவனித்தான். எண் 0.97. கையெழுத்துப் போட்டான். எட்டு மாதம் கழித்து அந்த மனை மறுவிற்பனைக்கு வந்தபோது அவனே வாங்கினான். "மூலை வெட்டாத மனை. நானே பாத்துக் கையெழுத்துப் போட்டது" என்று மிதுனாவிடம் பெருமையாகச் சொன்னான்.

"எஞ்சினியர் சார் ஈசானி மூலை பாக்கறாரு" என்று அவள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

குடிபோன ஏழாவது மாதம், காலை ஏழே காலுக்கு, பால் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்பியவளை அந்த மூலையில் தண்ணீர் லாரி அடித்தது. ஓட்டுநர் பார்க்கவில்லை. பார்க்க வழியுமில்லை, ஆறடிச் சுற்றுச்சுவர். செந்தூரன் உள்ளே பல் துலக்கிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் வெளியே வந்தான்.

"ரெண்டாம் கட்டம் வந்தா அந்த மூலைல ஒரு நாளைக்கு எத்தன லாரி?" என்று கேட்டான்.

"வீடு கட்டற வரைக்கும் நாப்பது, அம்பது இருக்குங்க. அப்புறம் தண்ணி லாரி மட்டும் ஒரு இருவது."

"அந்த மூலைய வெட்டினா எண் எவ்வளவு கொறையும்?"

"அது எங்க சைட்டு இல்லீங்களே சார். உங்களுதுங்க."

"நான் குடுக்கறேன்."

தாரணி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "ஈசானி மூலைங்க சார்" என்றார். அவர் அதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ரங்கநாதன் மேஸ்திரி சம்மட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு வந்தார். செந்தூரன் சுவரிலும் தரையிலும் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தான். மேஸ்திரி கோட்டைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார்.

"ஏனுங் சார், ஒடைக்கற எடம் இதானுங்களா?"

"ஆமாங்க."

"நல்லா ரோசன பண்ணிக்கோங்க. நாளைக்கு என்ற மேல வருத்தப்படக் கூடாதுங்க. ஊட்டுக்கு ஆகாதுங்க இது."

"ஆகறதுக்கு இனிமே என்ன இருக்குங்க மேஸ்திரி?"

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டார். அதற்கு மேல் தர்க்கம் பண்ணவில்லை. சம்மட்டியை நீட்டினார். "அப்ப மொத அடிய நீங்களே அடிச்சுருங்க. பாவத்துல பாதியாச்சும் கொறையட்டும் எனக்கு."

செந்தூரன் அடித்தான். சுவர் லேசில் விடவில்லை. அவனே பக்கத்தில் நின்று கலவை பார்த்துக் கட்டிய சுவர். பதினோரு மணிக்கு முனை விழுந்தது. காற்று செங்கல் தூசியை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டது.

தூசி அடங்கியதும் கிழக்குத் தெரு முழுதும் தெரிந்தது. போர்ட்டிகோவில் நின்றபடியே கடைசி மின்கம்பம் வரைக்கும். இந்த வீட்டிலிருந்து அந்தத் தெருவை அவன் பார்த்ததே இல்லை. ஒரு தண்ணீர் லாரி வந்தது. ஓட்டுநர் தூரத்திலேயே அவனைப் பார்த்துவிட்டார், வேகத்தைக் குறைத்தார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. லாரி திரும்பிப் போயிற்று.

"இப்ப நல்லா தெரியுதுங்க சார்" என்றார் மேஸ்திரி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மனைப்பிரிவு போடுகிறவர்கள் தெருவையும் பூங்காவையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். செந்தூரன் நாலரை சதுர மீட்டருக்கு எழுதிக் கொடுத்தான். பதிவு அலுவலகத்தில் எழுத்தர் இரண்டு முறை அளவைச் சரிபார்த்தார். "இத்துணூண்டு எடத்துக்குத் தானமா? கோலம் போடக்கூடப் பத்தாதே சார்."

புதன்கிழமை ஓட்டத்தை மறுபடி ஓட்டினார்கள். 0.61.

அன்று பிற்பகல் செந்தூரன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். மூன்று கோப்பு பார்த்தான். காலை நீட்டிக்கொண்டான். அப்சல் எட்டிப் பார்த்தான்.

"பஸ்ஸு வந்துருச்சா மாப்ள?"

"வந்துருச்சு" என்றான் செந்தூரன்.

*

அடுத்த வியாழக்கிழமை குயில்தோப்பு நகரின் திருத்திய வரைபடம் வந்தது. அனுமதிக் கடிதம் தட்டச்சுக்குப் போயிருந்த நேரம். திருத்தம் கொடுக்க விண்ணப்பதாரருக்கு உரிமை உண்டு. செந்தூரன் விரித்துப் பார்த்தான்.

நூற்று ஐம்பத்தொரு மனை. பதினொன்று கூடியிருந்தது. ஒன்பது மீட்டராக இருந்த இரண்டு தெருக்கள் ஏழு ஆகியிருந்தன. ஆறாம் தெருவின் கடைசியில் வண்டி திரும்ப விட்டிருந்த வட்டம் போய் அங்கே ஒரு மனை வந்திருந்தது. பூங்கா கிழக்கே நகர்ந்து ஓடைக்கரைக்குப் போயிருந்தது.

இழப்பு எண் 0.99.

அவன் எழுந்தான். படியிறங்கி, பைக்கை எடுத்து, எதிர்காற்றில் பன்னிரண்டு கிலோமீட்டர் போய், செல்போன் கடை மாடியில் இருந்த தாரணியின் அலுவலகத்தில் நின்றபோதுதான் ஹெல்மெட் போடாமல் வந்தது தெரிந்தது.

"மிச்சம் இருந்துச்சுங்க சார்" என்றார் தாரணி. அவன் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"என்ன மிச்சம்?"

"பாயிண்ட் முப்பத்தெட்டு. நீங்க மூலைய வெட்டுனதுல கெடச்சது. ஒண்ணு வரைக்கும் போலாம்னு சட்டம் சொல்லுதில்லீங்க. முதலாளி எண்ணப் பாத்தாரு. 'என்னம்மா இத்தன எடம் சும்மா கெடக்குது'ன்னாருங்க."

"சும்மா கெடக்குதா?"

"அவருக்கு அது எடமுங்க சார். உங்களுக்குத்தான்..."

சுவரோரம் பெரிய திரை. அதில் வரைபடம் இல்லை. வரிசை எண் போட்ட ஒரு பட்டியல் இருந்தது. மனை எண், ஆணா பெண்ணா, வயது, எப்படி. செந்தூரன் படிப்பதற்குள் தாரணி திரையை அணைத்தார்.

"அது என்ன?"

"உங்களுக்குத் தெரியாததுங்களா? நிகழ்வுப் பட்டியல்."

தெரியும். அவனுடைய ஒவ்வொரு கோப்பிலும் கடைசியில் மூடிய ஓர் இணைப்பு இருக்கும். அலுவலகத்தில் அதை யாரும் திறப்பதில்லை. வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

"நீங்க திறந்து பாப்பீங்களா?"

"விண்ணப்பம் போடறவங்களுக்குப் பட்டியலோடதான் வருமுங்க. திருத்துன்னா எதத் திருத்தறதுன்னு தெரிய வேண்டாமுங்களா? உங்களுக்குத்தான் எண் மட்டும்." தாரணி ஒரு நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார். அவன் உட்காரவில்லை. அவரும் உட்காரவில்லை. "பின்ன எப்பிடீங்க தொண்ணூத்தொம்போதுக்குக் கொண்டாறது? ஒவ்வொரு வரியா எடுப்போம். ஒரு வரி எடுத்தா ரெண்டு சைட்டு போகும். ஒண்ணுக்குக் கீழ வந்ததும் நிறுத்திக்குவோம்."

"முதல் கட்டத்துலயும்?"

"கேக்காதீங்க சார்."

"நாப்பத்தேழோட மூலை அந்தப் பட்டியல்ல இருந்துச்சா?"

கீழே கடையில் யாரோ ஒரு போனின் மணியோசைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாரணி அது ஓயும்வரை காத்திருந்தார்.

"மூணாவது வரிங்க. ஆயிரம் ஓட்டத்துல இருநூத்திப் பன்னெண்டுல வந்துச்சு. பொண்ணு, இருவத்தஞ்சுலருந்து முப்பது, ஸ்கூட்டர், லாரி." அவர் குரல் வழக்கம்போலவே இருந்தது. கைகள்தான் மேசைமேல் இருந்த அளவுகோலைத் திருப்பித் திருப்பி வைத்தன. "மொத்தம் முப்பத்தொரு வரிங்க சார். அத்தனையும் எடுத்தா எண்பது சைட்டுதான் நிக்கும், கம்பெனிய மூடிட்டுப் போலாம். கொழந்த வர்ற வரிய மொதல்ல எடுத்துருவேன். அது நானா எனக்கு வெச்சுக்கிட்ட விதி. அப்புறம் வெள்ளம். கடைசீல ஏதாச்சும் நிக்குமில்லீங்க? அது நின்னுச்சு."

"அதையே ஏன் விட்டீங்க?"

"ஈசானி மூலைங்க. வெட்டுனா அந்த சைட்டு விக்காதுங்க." பிறகு மெதுவாக, "நீங்க வாங்குவீங்கன்னு எனக்கு எப்பிடீங்க தெரியும்? பேரா போட்டிருந்துச்சு? பேரு போட்டிருந்தா விட்டிருப்பனுங்களா?"

செந்தூரனுக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. அவரிடம் பட்டியல் இருந்தது, அவனிடம் எண் இருந்தது. இருவரும்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"இந்தத் தடவ எத விட்டீங்க?"

"அது வேண்டாமுங்க." தாரணி திரைக்கும் அவனுக்கும் நடுவே வந்து நின்றார். "பாத்தீங்கன்னா நீங்க கையெழுத்துப் போட முடியாதுங்க சார்."

*

துணை இயக்குநர் கோமதிநாயகம் திருநெல்வேலிக்காரர். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. அவர் அறைக்கு அரைக்கதவுதான், மேலே திறந்திருக்கும். உள்ளே பேசுவது வெளியே கூடத்தில் ஆறு மேசைக்கும் கேட்கும் என்பதால் அவர் எப்போதும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்.

"ஆரம்பத்துல எல்லாரும் பட்டியலப் பாத்தோம்டே," என்றார். "ஒரு வருசம் ஒரு கோப்பு நகரல. வாசிச்சிட்டுக் கையெழுத்துப் போட எவனுக்குக் கை வரும்? ரெண்டு பேரு வேலைய விட்டுட்டுப் போயிட்டான். அங்க வீடு இல்லாம சனம் ஒத்த ரூம்ல ஆறு பேரு படுத்துக் கிடக்கு. அதுவும் சாவுதான், பட்டியல்ல வராது, அவ்வளவுதான். அப்புறம் இந்த விதியக் கொண்டு வந்தாங்க. பாத்தவன், காதால கேட்டவன் கையெழுத்துப் போடக் கூடாது. பாக்காதவன் போடலாம்."

"நான் பாத்துட்டா?"

"அப்சல் மேசைக்குப் போகும். அவன் பாக்காமப் போடுவான். அவனும் பாத்துட்டான்னா அடுத்த மேச. உன்னோட சேத்து ஆறு மேச இருக்கு. ஆறுல ஒருத்தன் பாக்காம இருப்பாம்லா? இல்லன்னா நான் இருக்கேன்."

"நீங்களும் பாத்துட்டா சார்?"

"அப்பம் கோப்பு ரத்து. முதல்ல இருந்து வரைஞ்சு கொண்டாரணும். ஒம்பது வருசத்துல அப்படி ஒண்ணு நடந்தது கிடையாது." கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "செந்தூரா, சொல்லுதேன்னு தப்பா நினைக்காத. அந்தப் பிள்ளைய நெனச்சிக்கிட்டு இதுல எறங்காத. போனவ போயிட்டா."

"அவளுக்காக இல்ல சார். அவ வரி முடிஞ்சிருச்சு."

"பின்ன?"

செந்தூரன் யோசித்தான். ஒரு மூலையைக் கொடுத்தான். அதை யாரோ வாங்கித் தெருத்தெருவாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். அந்த வீட்டில் இப்போது போர்ட்டிகோவில் நின்றால் கடைசி மின்கம்பம்வரை தெரிகிறது. தெரிந்துகொண்டே இருக்கிறது.

"சும்மா உக்கார முடியல சார்" என்றான்.

கூடத்துக்கு வந்தான். பதினொன்றரை மணி. டீ வந்து போயிருந்தது, ஐந்து பேரும் மேசையில் இருந்தார்கள். அவன் திருத்திய கோப்பைத் திறந்து, கடைசியில் இருந்த இணைப்பைத் திறந்தான். திறக்கட்டுமா என்று இயந்திரம் இரண்டு முறை கேட்டது. திறந்தால் நீங்கள் ஒப்பமிட முடியாது என்று ஒரு முறை சொன்னது. பட்டியல் வந்தது. இருபத்தாறு வரி.

"வரி ஒன்று" என்று உரக்கப் படித்தான்.

அப்சல் திரும்பினான். "என்ன மாப்ள?"

"மனை நூற்றுப் பதினெட்டு. ஆண், அறுபத்திரண்டு. நெஞ்சுவலி. ஆறாம் தெரு முனையில் ஆம்புலன்ஸ் திரும்ப இடமில்லாமல் பதினோரு நிமிடம். ஆயிரத்தில் நூற்று அறுபது."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஜன்னலோர மேசை சுகந்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஐயோ, படிக்காதீங்க சார், எனக்கு வேண்டாம்!" வாசல் பக்கத்து இருவர் எழுந்து வராந்தாவுக்கு ஓடினார்கள். ஒருவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அப்சலுக்கு அடுத்த மேசைக்காரர் கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டார்.

பதினான்கு மாதமாக இந்தக் கூடத்தில் நடந்து பழகியவன் செந்தூரன். எந்த இடத்தில் நின்றால் எதுவரை கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். கணினியிலிருந்து தனியே கழலும் திரையைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான்.

"வரி இரண்டு. மனை எழுபத்தொன்று. பெண், முப்பத்து நான்கு, கர்ப்பிணி. நாலாம் தெருவில் எதிரெதிரே இரண்டு வண்டி."

திரும்பி வந்து கழிப்பறைக் கதவருகே நின்றான். "வரி மூன்று. மனை எழுபத்தொன்று. அதே நாள். ஓட்டுநர், ஆண், நாற்பது."

"எனக்குக் கேக்கல!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. தொட்டி நிரம்பும்வரை செந்தூரன் நின்றான். பிறகு மறுபடி படித்தான்.

அப்சல் காதில் விரல் வைத்திருந்தான். "மாப்ள, என் மேசைல நாலு கோப்பு கெடக்கு. நாலும் தொண்ணூத்தெட்டு. இத ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்?"

"தெரியல."

"வீட்டுக் கடன் வாங்கி அட்வான்ஸ் குடுத்துட்டு உக்காந்திருக்கறவன் வந்து என்னக் கேப்பான். உன்னையில்ல."

"என்னையும் கேப்பான்."

அப்சல் விரலை எடுக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. செந்தூரன் வரிகளைப் படித்துக்கொண்டே போனான். குரலை உயர்த்தவுமில்லை, இறக்கவுமில்லை. ஒன்பதாவது வரிக்கு வந்தபோது மட்டும் நின்றான்.

"என்னாச்சு?" என்றான் அப்சல். அப்படியானால் அவனுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"மனை நூற்று முப்பத்தொன்று. குழந்தை, நான்கு வயது. பூங்காவிலிருந்து ஓடைக்கு. வேலி இல்லை. ஆயிரத்தில் எழுபத்திரண்டு."

குழந்தை வரும் வரியை முதலில் எடுத்துவிடுவேன் என்று தாரணி சொல்லியிருந்தார். பூங்காவைப் பழைய இடத்துக்கே திருப்பி இந்த வரியை எடுத்தால் பதினோரு மனையில் எத்தனை போயிருக்கும் என்று செந்தூரன் மனதுக்குள் கணக்குப் போட்டான். நாலு. நாலு மனை.

அப்சல் விரல்களைக் காதிலிருந்து எடுத்தான். எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டான். அவனுடைய இளைய மகளுக்கு வரும் ஐப்பசியில் நாலு வயது. சுகந்தியும் கையை எடுத்திருந்தார், எப்போது எடுத்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. வராந்தாவிலிருந்து செருப்பில்லாதவர் உள்ளே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். மற்றவரும் பின்னாலேயே வந்தார். இருவரும் மறுபடி வெளியே போகாமல் அங்கேயே நின்றார்கள்.

இருபத்தாறு வரியும் முடிந்தபோது கழிப்பறையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. தாழ்ப்பாள் திறந்தது. அந்த மனிதர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தன் மேசையில் உட்கார்ந்தார்.

"ஆறு மேசையும் ஆச்சு" என்றான் அப்சல், பொதுவாக.

அரைக்கதவு திறந்தது. கோமதிநாயகம் நிலைப்படியில் நின்றார். இவ்வளவு நேரமும் அவர் அறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது இப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. கோப்பு வாங்கக் கையை நீட்டினார். இனி கையெழுத்து அவருடையது. அவர் கேட்கவில்லை. கேட்காதவர் போடலாம்.

செந்தூரன் கோப்பைக் கொடுக்கவில்லை. திரையைப் பிடித்தபடி அவர் முன்னால் போய் நின்றான்.

"நான் கேட்டுட்டேன்னா இந்தக் கோப்பு அப்படியே செத்துரும். தெரியும்லா?"

"தெரியும் சார்."

"நாளைக்கே அடுத்த கோப்புக்கும் நீ இதத்தான் செய்வே."

"ஆமா சார்."

"மேல இருந்து கேப்பாங்க. ஓய்வூதியத்துல கை வைப்பாங்க. எனக்கு எட்டு மாசம்தான்டே இருக்கு."

காற்று ஜன்னல் கதவை அடித்தது. இந்த முறை அப்சல் எழுந்து போய்க் கொக்கி போட்டான்.

கோமதிநாயகம் கூடத்தில் இருந்த ஐந்து முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அறைக்குள் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தார்கள். ரேடியோவை நிறுத்திவிட்டு, தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் போட்டார். உட்கார்ந்து, வலது காது செந்தூரன் பக்கம் வரும்படி தலையைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"முதல்லருந்து வாசி. கொஞ்சம் சத்தமா. எனக்கு எடது காது மந்தம்."